ஏரியில் மிதந்த வெப்பநிலைமானி

(ஆனையூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெப்பநிலையை நாம் வழக்கமாகத் தொட்டுத்தான் அளக்கிறோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வெப்பநிலைமானியை அக்குளில் வைக்கிறோம். ஆய்வகத்தில் முகவையில் உள்ள நீருக்குள் விடுகிறோம். தொட முடியாத ஒரு பொருளின் வெப்பநிலையை எப்படி அளப்பது? அந்தப் பொருள் இருந்ததே 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்றால் என்ன செய்வது? இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான். விண்மீன் திரள்களுக்கு இடையே பரவியுள்ள மெல்லிய வாயுவின் வெப்பநிலை, முதல் விண்மீன்கள் எப்போது எரியத் தொடங்கின என்ற செய்தியைத் தன்னுள் வைத்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படிக்கும் முயற்சியில் நம் பக்கத்து மாநிலத்தின் ஓர் ஏரிக்கு முக்கியமான இடம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் 'அண்டம்', பத்தாம் வகுப்பில் 'வெப்ப இயற்பியல்' நடத்தும் நமக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

முதலில் நமக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். தீபாவளியன்று கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறி கையில் விழுந்தால் லேசாகச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கும் கஞ்சி ஒரு கரண்டி பட்டால் தோல் வெந்துவிடும். ஆனால் பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கஞ்சியோ நூறு டிகிரிதான். பொறியில் துகள் மிகக் குறைவு, அதனால் அது நமக்குத் தரும் வெப்பமும் குறைவு. வெப்பம் என்பது மாற்றப்படும் ஆற்றல். வெப்பநிலை என்பது ஒவ்வொரு துகளும் சராசரியாக எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்பதற்கான அளவு.

விண்மீன் திரள்களுக்கு இடையே உள்ள வாயு இந்தப் பொறியைவிடப் பல மடங்கு விசித்திரமானது. இன்று அதில் ஒரு பகுதியின் வெப்பநிலை பல லட்சம் கெல்வின். ஆனால் ஒரு கன மீட்டர் இடத்தில் இருப்பவை ஒரு சில அணுக்கள் மட்டுமே. அங்கே கையை நீட்ட முடிந்தால் சூடே தெரியாது. 'வெப்பநிலை அதிகம் என்றால் வெப்பமும் அதிகம்' என்று நம்பும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான எதிர் உதாரணம் கிடைப்பது அரிது.

குளிர்ந்தது எப்படி?

இப்போது காலத்தில் பின்னோக்கிப் போவோம். பெருவெடிப்புக்குப் பிறகு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழிந்தபோது அண்டம் சுமார் 3,000 கெல்வினுக்குக் குளிர்ந்தது. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்கள் ஆயின. அன்று விடுபட்ட ஒளிதான் இன்று அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சாக எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அதன் இன்றைய வெப்பநிலை 2.7 கெல்வின்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அண்டம் விரியும்போது ஒளியும் குளிர்கிறது, வாயுவும் குளிர்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை. தூரங்கள் இரண்டு மடங்கானால் ஒளியின் வெப்பநிலை பாதியாகும், வாயுவின் வெப்பநிலையோ நான்கில் ஒரு பங்காகும். ஒட்டிக்கொள்ளாமல் எஞ்சியிருந்த கொஞ்சம் எலக்ட்ரான்கள் ஒளியையும் வாயுவையும் சில காலம் ஒரே வெப்பநிலையில் பிணைத்து வைத்திருந்தன. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிணைப்பு தளர்ந்தது. அதன்பின் வாயு, ஒளியை முந்திக்கொண்டு குளிரத் தொடங்கியது.

வாயு விரிந்தால் குளிரும் என்பதை வகுப்பில் காட்ட, பலர் வாயைக் குவித்து உள்ளங்கையில் ஊதிக் காட்டுவது உண்டு. அது இதற்குச் சரியாகப் பொருந்தாது. அங்கே உணரும் குளிர்ச்சிக்குப் பெரும் காரணம், ஊதும் காற்றோடு சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து வருவதுதான். அதைவிடச் சைக்கிள் பம்ப் நல்லது. வேகமாகக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சூடு தெரியும். நன்றாகக் காற்று நிரம்பிய ட்யூபின் வால்வைத் திறந்துவிட்டால் வெளியேறும் காற்று குளிர்ந்திருக்கும். அமுக்கினால் சூடு, விரிந்தால் குளிர். இதே விதிதான் அண்டத்தின் வாயுவுக்கும்.

இந்தக் கணக்கின்படி, அண்டத்தின் வயது 20 கோடி ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருந்தபோது பின்னணி ஒளியின் வெப்பநிலை சுமார் 49 கெல்வின். வாயுவின் வெப்பநிலை சுமார் 7 கெல்வின்தான். சூடான ஒளிக்கு முன்னால் குளிர்ந்த வாயு ஒரு திரைபோல நின்றது. அந்தத் திரை ஒளியில் ஒரு பகுதியைக் கவர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு கவர்ந்தது என்று பார்த்தால் வாயு எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று தெரிந்துவிடும். தொடாமல் வெப்பநிலையை அளக்கும் வழி இதுதான்.

ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர்

வாயு எந்த ஒளியைக் கவரும்? ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஓர் எலக்ட்ரான். இரண்டின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் ஆற்றல் சற்றே கூடுதல். எதிரெதிராக இருந்தால் சற்றே குறைவு. இந்தச் சிறு வேறுபாட்டுக்கு உரிய அலையின் நீளம் 21 சென்டிமீட்டர், அதிர்வெண் 1,420 மெகா ஹெர்ட்ஸ். இப்படி ஓர் அலை இருக்கும் என்று நெதர்லாந்தின் வான் டி ஹுல்ஸ்ட் 1944-ல் கணித்தார். 1951-ல் ஹார்வர்டில் யூவென், பர்செல் ஆகிய இருவரும் நம் பால்வெளி வீதியிலிருந்து வந்த அலையைப் பிடித்துக் காட்டினார்கள்.

அண்டம் விரிய விரிய அதில் பயணிக்கும் அலையும் நீள்கிறது. எனவே நமக்கு வந்து சேரும் அலையின் நீளமே அது எந்தக் காலத்தில் புறப்பட்டது என்று சொல்லிவிடும். நம் ஊர்க் கணக்கு ஒன்று போடுவோம். மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகா ஹெர்ட்ஸ். 1,420-ஐ 100.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14. அதாவது, அண்டம் இன்றிருப்பதில் 14-இல் ஒரு பங்கு அளவாக இருந்தபோது புறப்பட்ட ஹைட்ரஜன் அலை, இன்று நம் வானொலிப் பெட்டியில் கொடைக்கானல் நிலையம் இருக்கும் அதே இடத்தில்தான் வந்து விழுகிறது. அப்போது அண்டத்தின் வயது முப்பது கோடி ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருந்தது. நம் மாநிலத்தில் உதகைக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கிவரும் ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகா ஹெர்ட்ஸில் கேட்கிறது. அதையும் வகுத்துப் பார்த்தால் 4.35 வரும். அண்டத்தின் வயது சுமார் 190 கோடி ஆண்டுகளாக இருந்த காலம் அது. ஒரே வகுத்தல் கணக்கில் காலம் தெரிந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கணக்கு.

ஆனால் குளிர்ந்திருந்தால் மட்டும் வாயு ஒளியைக் கவர்ந்துவிடாது. ஹைட்ரஜனின் அந்த இரண்டு நிலைகளில் எத்தனை அணுக்கள் எதில் இருக்கின்றன என்பதை முதலில் பின்னணி ஒளியே தீர்மானித்துக்கொண்டிருந்தது. அந்நிலையில் திரை இருந்தும் தெரியாது. முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது அவற்றின் புற ஊதா ஒளி இந்த விகிதத்தை மாற்றி, வாயுவின் உண்மையான வெப்பநிலையோடு இணைத்தது. அதற்குப் பிறகுதான் உட்கவர்தல் தெரியத் தொடங்கும். பிறகு விண்மீன்கள் அழிந்து உருவான கருந்துளைகள் போன்றவற்றின் எக்ஸ் கதிர்கள் வாயுவைச் சூடாக்கும்; உட்கவர்தல் மறையும். இறுதியில் எலக்ட்ரான்கள் மீண்டும் பிரிக்கப்பட்டு, அண்டம் பிறந்து ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளில், ஹைட்ரஜன் அயனியாகிவிடும். ஆகவே உட்கவர்தல் தொடங்கும் இடம் முதல் விண்மீன்களின் காலத்தையும், அதன் ஆழம் வாயுவின் குளிர்ச்சியையும், அது முடியும் இடம் சூடேறிய காலத்தையும் சொல்லும்.

2018-ல் வந்த செய்தி

2018 மார்ச் மாதம் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜட் போமன் தலைமையிலான குழு, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற பகுதியில், ஒரு மேசை அளவுள்ள ஆண்டெனாவை வைத்து வானத்தைக் கேட்டது. அந்த ஆய்வின் பெயர் எட்ஜஸ். 78 மெகா ஹெர்ட்ஸ் அருகே ஓர் உட்கவர்தலைக் கண்டதாக அவர்கள் அறிவித்தார்கள். 1,420-ஐ 78-ஆல் வகுத்தால் 18. நாம் மேலே பார்த்த 49 கெல்வின் காலம் அதுதான். முதல் விண்மீன்களின் தடம் கிடைத்துவிட்டது என்று உலகமே பரபரப்படைந்தது.

சிக்கல் ஆழத்தில் இருந்தது. கோட்பாட்டின்படி அந்த உட்கவர்தல் அதிகபட்சம் 0.2 கெல்வின் அளவில் இருக்கலாம். அவர்கள் கண்டதோ 0.5 கெல்வின். அது உண்மையானால் வாயு 7 கெல்வின் அல்ல, அதில் பாதிக்கும் குறைவாகக் குளிர்ந்திருக்க வேண்டும். விரிவு மட்டும் அவ்வளவு குளிரைத் தராது. வாயுவிடமிருந்து வேறு ஏதோ ஒன்று வெப்பத்தை வாங்கியிருக்க வேண்டும். அந்த 'வேறு ஏதோ ஒன்று' கரும்பொருளாக இருக்கலாம் என்று இஸ்ரேலின் ரென்னன் பர்கானா அதே இதழில் எழுதினார். அண்டத்தின் பெரும்பகுதிப் பருப்பொருள் எதனால் ஆனது என்ற கேள்விக்கே விடை கிடைத்துவிட்டதோ என்ற நிலை. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் பின்தொடர்ந்தன. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் ரிச்சர்ட் ஹில்ஸும் உடன் பணியாற்றியவர்களும் அந்தக் கணக்கீட்டு முறையைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள்.

கேள்வி எழக் காரணம் இருந்தது. 78 மெகா ஹெர்ட்ஸில் நம் பால்வெளி வீதியே ஆயிரம், இரண்டாயிரம் கெல்வின் அளவுக்கு இரைகிறது. தேடும் அடையாளமோ அரை கெல்வின். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தின் நடுவே நின்று, எதிர்க்கரையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்றது இது. இரைச்சலைக் கழிக்கும்போது சில ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இல்லாத ஒன்று இருப்பதுபோல் தோன்றிவிடும். கருவியும் தன் பங்குக்கு அதில் கலக்கும்.

ஏரிக்குப் போன ஆண்டெனா

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1948-ல் பெங்களூரில் நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சரஸ் என்ற ரேடியோமானியை ஒரு குழு பல ஆண்டுகளாகப் படிப்படியாக மேம்படுத்தி வந்தது. அதன் மூன்றாம் வடிவத்தை அவர்கள் நிலத்தில் வைக்கவில்லை. மிதவையில் ஏற்றித் தண்ணீரில் விட்டார்கள்.

ஏன் தண்ணீர்? நிலம் ஒரே சீரானது அல்ல. மேலே மண், கீழே சரளை, அதன்கீழ் பாறை. ஈரப்பதமும் அடுக்குக்கு அடுக்கு மாறும். ஆண்டெனாவின் கீழே உள்ள இந்த அடுக்குகள் ரேடியோ அலைகளை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். அந்த ஏற்ற இறக்கம் நாம் தேடும் அடையாளத்தைப் போலவே தோற்றம் காட்டக்கூடும். ஆழமான நன்னீர் பரப்பு சீரானது. அதன் விளைவை முன்கூட்டியே கணக்கிட்டுக் கழிக்கலாம். மேலும் பண்பலை நிலையங்களின் அலைகள் எட்டாத ஒதுக்குப்புறமும் தேவை. 2020-ன் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும், பிறகு ஷராவதி நீர்த்தேக்கத்தின் பின்நீர்ப் பகுதியிலும் சரஸ் 3 மிதந்தது. ஏறத்தாழ 15 மணி நேரத் தரவு சேர்ந்தது.

சௌரப் சிங், ரவி சுப்ரமணியன், உதயசங்கர், மயூரி சத்யநாராயண ராவ் உள்ளிட்டோரின் குழு அந்தத் தரவை இரண்டு ஆண்டுகள் அலசியது. 2022 பிப்ரவரியில் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் முடிவு வந்தது. எட்ஜஸ் சொன்ன வடிவில் எந்த உட்கவர்தலும் அவர்கள் தரவில் இல்லை. 95.3 விழுக்காடு நம்பகத்துடன் அதை மறுக்கிறோம் என்று எழுதினார்கள். முதலில் வந்த அடையாளம் வானத்திலிருந்து வந்ததாக இல்லாமல், அளவீட்டில் கலந்த பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அதன் பொருள்.

அந்த எண்ணைக் கவனியுங்கள். நூறு விழுக்காடு என்று அவர்கள் சொல்லவில்லை. இருபதில் ஒரு பங்கு அளவுக்கு ஐயம் எஞ்சியிருப்பதை மறைக்காமல் எண்ணாகவே எழுதிவைத்தார்கள்.

'இல்லை' என்பதும் விடைதான்

ஏரியில் மிதந்த ஆண்டெனா எதையும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் உழைப்பு வீணா? இல்லை. புதிய இயற்பியலைத் தேடி ஒரு திசையில் ஓடிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி யோசிக்கவைத்தது அந்த 'இல்லை'. அதே ஆண்டின் பிற்பகுதியில், எதுவும் தென்படாத அதே தரவைக் கொண்டே, அண்டத்தின் வயது 20 கோடி ஆண்டுகளாக இருந்தபோது விண்மீன் திரள்கள் எப்படி இருந்திருக்க முடியாது என்று எல்லை வகுத்தார்கள். வாயுவை அதிகம் சூடாக்காமல், ரேடியோ அலைகளை மட்டும் மிகப் பிரகாசமாக உமிழ்ந்த திரள்கள் இருந்திருந்தால் அவை சரஸின் தரவில் தெரிந்திருக்கும். தெரியவில்லை.

வேறு இடங்களிலிருந்தும் துண்டு துண்டாக விடை சேர்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஹெரா தொலைநோக்கி வரிசை, அண்டத்தின் வயது 65 கோடி ஆண்டுகளாகவும் அதற்கு முன் 45 கோடி ஆண்டுகளாகவும் இருந்த காலங்களைப் பார்த்தது. விரிவால் மட்டும் குளிர்ந்திருந்தால் இருக்க வேண்டியதைவிட வாயு அப்போதே சூடாகியிருந்தது என்று அதன் முடிவுகள் சொல்கின்றன. அதாவது, அதற்குள் எங்கோ அடுப்பு மூட்டப்பட்டுவிட்டது. அதற்கும் பிந்திய காலத்துக்கு வேறு முறை உண்டு. தொலைதூரக் குவாசர்களின் நிறமாலையில் வாயு பதிக்கும் உட்கவர் வரிகளின் அகலத்தை அளக்கிறார்கள். அணுக்கள் வேகமாக ஓடினால் வரி அகலமாகும். 10,000 கெல்வினில் ஹைட்ரஜன் அணுவின் வேகம் நொடிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். வரியின் அகலத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து வெப்பநிலையையும் பெறுகிறார்கள். ஆனால் முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலத்து உட்கவர்தலை ஐயமின்றிக் கண்டவர் இன்றுவரை எவரும் இல்லை. பூமியின் வானொலி இரைச்சலே எட்டாத நிலாவின் மறுபக்கத்திலிருந்து கேட்க, பிரத்யுஷ் என்ற கருவியை ராமன் ஆராய்ச்சி நிறுவனம் திட்டமிட்டு வருகிறது.

நம் வகுப்பறைக்கு

இனி நம் ஆய்வகத்துக்கு வருவோம். ஓம் விதிச் சோதனையில் மாணவர் கையில் கிடைக்கும் மின்தடை 4.6 ஓம். பக்கத்து மேசையில் 5 ஓம் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் இவருடைய நோட்டிலும் 5 ஓம் ஆகிவிடும். 'சரியான விடை' முன்பே தெரிந்த சோதனையில் மாணவர் அளப்பதில்லை, ஒத்துப்போகிறார். மதிப்பெண்ணும் அதற்கே கிடைக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஏரிக்குப் போன அந்தக் குழு உலகமே கொண்டாடிய 0.5 கெல்வினோடு ஒத்துப்போகவில்லை. தாங்கள் அளந்ததை எழுதியது. அந்தத் துணிவை நம் மாணவரிடம் எதிர்பார்க்க வேண்டுமானால் நாம் அதற்கு இடம் தர வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. நான்கு யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, மின்தடையின் மேல் காகிதம் சுற்றி மதிப்பை மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு மதிப்புள்ளதைக் கொடுங்கள். பக்கத்து மேசையைப் பார்த்துப் பயனில்லை என்றானதும் தானாகவே அளக்கத் தொடங்குவார்கள்.

இரண்டாவது, ஒரு சிறிய மருந்து மூடியில் வெந்நீர், ஒரு பெரிய பாத்திரத்தில் அதே வெந்நீர். குளிர்ந்த வெப்பநிலைமானியை இரண்டிலும் வையுங்கள். மூடியில் அளவு குறைவாகக் காட்டும். நீரின் வெப்பத்தில் ஒரு பகுதியைக் கருவியே எடுத்துக்கொண்டது. கருவி அளவீட்டில் கலக்கும் என்பதை இப்படிப் பார்த்த மாணவருக்கு, ஆண்டெனாவை ஏன் ஏரியில் மிதக்கவிட்டார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, வானொலி நிலையங்களின் அதிர்வெண்களைப் பட்டியலிட்டு, 1,420-ஐ அவற்றால் வகுத்து, ஒவ்வொன்றும் அண்டத்தின் எந்த அளவைக் குறிக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். விடையை 2.7-ஆல் பெருக்கினால் அன்றைய பின்னணி ஒளியின் வெப்பநிலையும் கிடைத்துவிடும். கொடைக்கானல் பண்பலைக்குச் சுமார் 38 கெல்வின் வரும்.

நான்காவது, செய்முறை நோட்டில் 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் இன்னொரு வரி சேருங்கள்: 'இந்த அளவீட்டில் எனக்குள்ள ஐயம்'. செய்முறை சரியாக இருந்து, 'எதிர்பார்த்தது கிடைக்கவில்லை' என்று மாணவர் காரணத்தோடு எழுதினால் அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

அண்டத்தின் தொடக்க வரலாறு இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. நம் பாடநூலில் 'அண்டம்' என்ற பாடத்தில் இன்று இல்லாத பக்கங்கள் இனிமேல்தான் சேரும். அவற்றை எழுதப்போகிறவர்களில் சிலர் இப்போது நம் வகுப்புகளில் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருக்கலாம். தான் அளந்ததை அளந்தபடியே எழுதும் பழக்கத்தை அவர்களுக்கு இப்போதே கொடுத்துவிடுவோம்.